காய்ச்சல் ஏதும் இருந்ததா?

ஜூன் 12, திங்கள்

சேலம் டாக்டரம்மா எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். மற்றபடி எனக்கு டைரி எழுதுகிற பழக்கமெல்லாம் கிடையாது. இது கோழி மருந்துக் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்தது. அட்டையில் ஒரு வெள்ளைக் கோழி முறைத்துக்கொண்டு நிற்கிறது. இனி தேதி, காய்ச்சல், மாத்திரை, மாதவிலக்கு எல்லாம் இதில் வர வேண்டுமாம். "ஒண்ணு விடாம எழுதுங்க கோகிலவாணி. அடுத்த தடவை கேட்டா ஞாபகமில்லைன்னு சொல்லக் கூடாது" என்றார்.

எழுதுகிறேன். வயது முப்பத்தைந்து. நாமக்கல்லில் கோழிநோய் ஆய்வகத்தில் டெக்னீஷியன். வீட்டுக்காரர் பூபதி, கேரளாவுக்கு முட்டை லோடு அடிக்கிறார். நான்கு வருடத்தில் மூன்று முறை கரு நின்றது. மூன்றுமே மூன்றாம் மாதத்தைத் தாண்டவில்லை. கர்ப்பப்பை ஸ்கேன் சரி, சர்க்கரை சரி, தைராய்டு சரி, அவருக்கு எடுத்ததெல்லாமும் சரி. எல்லாம் சரி, எல்லாம் சரி என்று கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. எல்லாம் சரியென்றால் பிள்ளை எங்கே?

போன வாரம் கொடுத்த ரத்தத்துக்கு இன்று ரிசல்ட். முதல் முறையாக ஒரு எண்ணுக்குப் பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி.

"உங்க ரத்தத்துல ஒரு எதிர்ப்பொருள் இருக்கு. வெளியிலருந்து வர்ற கிருமியை அடிக்க வேண்டியது, ஆள் தெரியாம உங்களையே அடிக்குது. அதனால ரத்தம் சீக்கிரம் உறையுது. குழந்தைக்குப் போற சின்னக் குழாய்கள்ல அடைப்பு விழுந்துச்சுன்னா..." என்று நிறுத்தினார்.

"மருந்து இருக்குதுங்களா?"

"இருக்கு. கரு நின்ன நாள்லருந்து தினம் ஒரு ஊசி, கூட ஒரு சின்ன மாத்திரை. நிறையப் பேர் குழந்தையோட வீட்டுக்குப் போயிருக்காங்க. ஆனா இந்த ஒரு டெஸ்ட்டை வெச்சு நான் முடிவு பண்ண மாட்டேன். காய்ச்சல் அடிச்சாக்கூட இது ஏறும், அப்புறம் தானா இறங்கிடும். பன்னெண்டு வாரம் கழிச்சு மறுபடி எடுக்கணும். அப்பவும் இருந்தாத்தான் நிஜம். அது வரைக்கும் கரு தங்காமப் பார்த்துக்குங்க."

பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, "ரத்தம் குடுக்கறதுக்கு முன்னாடி காய்ச்சல் ஏதும் இருந்ததா?" என்றார்.

"இல்லீங்க டாக்டர்."

அடுத்த டெஸ்ட் செப்டம்பர் 4.

ஜூன் 14, புதன்

இன்று ஆய்வகத்தில் ஒரு பண்ணைக்காரரோடு சண்டை. எங்கள் வேலை இதுதான். கோழியின் இறக்கை நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவார்கள். வெள்ளைக்கழிச்சலுக்கு எதிர்ப்புச் சக்தி எவ்வளவு இருக்கிறதென்று பார்த்துச் சொல்வோம். அந்த அளவுக்கு டைட்டர் என்று பெயர். டைட்டர் நன்றாக இருந்தால் பண்ணைக்காரர் மீசையை முறுக்கிக்கொண்டு போவார்.

இவர் கொண்டுவந்த இருபது குழாயிலும் டைட்டர் எகிறிக் கிடந்தது.

"எப்ப வேக்சின் போட்டீங்கண்ணா?"

"அது ஆச்சுங்க அம்மணி, ரெண்டு மாசம்."

"பத்து நாள்தான் ஆச்சுன்னு உங்க கோழி சொல்லுதுங்களே."

மனுஷன் சிரிக்கிறார். வேக்சின் போட்ட சூட்டில் எடுத்த ரத்தத்தை வைத்துக்கொண்டு என்ன சொல்ல முடியும்? ஏறியது நிற்குமா இறங்குமா என்று யாருக்குத் தெரியும்? "உண்மையைச் சொல்லாம டெஸ்ட்டுக்கு வந்தா அப்புறம் செத்து விழறது எங்க கோழி இல்லீங், உங்க கோழி" என்று சொல்லி, மூன்று வாரம் கழித்து மறுபடி எடுத்து வரச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். எங்கள் பெரிய டாக்டர் அறைக்குள்ளிருந்தே கேட்டுவிட்டு, "கோகிலா கண்ணுல மண்ணைத் தூவ முடியுமா?" என்றார்.

பதினாறு வருட சர்வீஸ். முடியாதுதான்.

ஜூன் 20, செவ்வாய்

மே 24, 25, 26 காய்ச்சல் இருந்தது. 101 வரை போனது. ஒன்று விடாமல் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்.

ரேஷன் கடையில் பச்சரிசி மட்டும்தான். தக்காளி வாங்கவில்லை, தொடவே பயமாக இருக்கிற விலை.

ஜூன் 29, வியாழன்

அத்தைக்கு விளக்கிச் சொல்லிப் பார்த்தேன். அத்தை என்றால் என் மாமியார், பெயர் நல்லம்மாள். வீட்டுக்குப் பின்னால் மூவாயிரம் கோழி வைத்துப் பண்ணை நடத்தியவர். மாமனார் போன பிறகுதான் பண்ணையை மூடினார்கள். நான் படித்துத் தெரிந்துகொண்டதில் பாதியை அவர் கோழி வளர்த்தே தெரிந்துகொண்டவர்.

"அத்தை, கோழிக்கு வேக்சின் போட்டா ரத்தத்துல எதிர்ப்பு ஏறுதில்லீங்களா? எனக்கு ஒண்ணும் போடாமலே ஏறியிருக்குது. அது என்னையவே கொத்துது."

"ஒண்ணையொண்ணு கொத்தற கோழி கேட்டிருக்கேன். தன்னையே கொத்திக்கற கோழியா நீயி?" என்று கேட்டுவிட்டு அவரைக்காய் நறுக்கினார். கொஞ்ச நேரம் கழித்து, "நம்ம சனத்துல ரத்தத்துல நோயின்னு ஆருக்கும் இருந்ததில்ல. உனக்கும் இருக்காது போ" என்றார்.

ஆறுதலாகத்தான் சொன்னார் என்று வைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு என்னவோ பற்றிக்கொண்டு வந்தது. நோய் இல்லையென்றால் அப்புறம் என்ன? மூன்றாவதும் கலைந்த வாரம் பக்கத்து வீட்டுக்காரியிடம் இதே அத்தை, "தங்கற வயிறா இருந்தாத் தங்கும்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு வருடம் ஆகப்போகிறது. இன்னும் அந்தக் கொடியில் துணி போடும்போதெல்லாம் கேட்கிறது.

ஜூலை 8, சனி

வீட்டுக்காரர் பாலக்காட்டிலிருந்து நேந்திரங்காய் சிப்ஸோடு வந்தார். மூன்று நாள் வீட்டில் இருப்பார். சாப்பிட்டு முடித்ததும் மெதுவாக ஆரம்பித்தார்.

"ஏன் கோகிலா, இந்த ஊசி குத்திக்கறது, ரத்தம் எடுக்கறது எல்லாம் போதுமே. நமக்கு நாம இருக்கறோம். அது போதாதா?"

"உங்களுக்குப் போதுமுங்களா?"

"போதும்."

"எனக்குப் போதாதுங்க."

அவர் எழுந்து போய் லாரி டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன். ஒரு வார்த்தை குத்திப் பேசியதில்லை. ஆனால் நல்ல மனுஷனிடம் சொல்லி அழ முடிவதில்லை, அவர் முகம் சுருங்கிப்போய்விடுகிறது. அப்புறம் நான்தான் அவரைத் தேற்ற வேண்டியிருக்கிறது.

ஜூலை 16, ஞாயிறு

ஆடி பிறப்பதற்குள் குலதெய்வம் கோயிலுக்குப் போய்ப் பூ கேட்டுவிட வேண்டுமென்று அத்தை ஒற்றைக் காலில் நின்றார். போனோம்.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கும் பூ கேட்பார்கள், கிணறு வெட்டவும் கேட்பார்கள். ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ. இரண்டையும் தனித்தனியாக இலையில் மடித்து, எது எதுவென்று தெரியாதபடி பூசாரி அம்மன் காலடியில் போடுவார். வெள்ளை வந்தால் என்ன, சிவப்பு வந்தால் என்ன என்று கேட்கிறவர் மனதில் நினைத்துக்கொள்ள வேண்டும். வாயைத் திறந்து சொல்லக் கூடாது.

அத்தை கண்ணை மூடி வெகுநேரம் நின்றார். பூசாரியே ஒருமுறை இருமினார். பிறகு அத்தை, "எடு அம்மணி" என்றார். நான் குனிந்து ஒரு மடிப்பை எடுத்தேன்.

பிரித்தால் சிவப்பு அரளி.

அத்தை அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு முந்தானையில் முடிந்துகொண்டார். "வெள்ளை வரணும்னு நினைச்சீங்களா அத்தை?" என்று கேட்டதற்கு, "சும்மா வா" என்றார். பாவம், நோய் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருப்பார், சிவப்பு வந்துவிட்டது என்று மனது ஒடிந்துபோயிருக்கும் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பூவை அஞ்சறைப் பெட்டியில் மஞ்சள் கிண்ணத்துக்கு அடியில் வைத்தார். ஒடிந்துபோனவர் எதற்கு அவ்வளவு பத்திரமாக வைக்கிறார் என்று தெரியவில்லை.

ஒரே ஒரு டெஸ்ட்டை வைத்து முடிவு செய்யக் கூடாது என்று அம்மனிடம் யாரும் சொல்லவில்லை போல.

ஜூலை 21, வெள்ளி

மாதவிலக்கு. இரண்டு நாள் தள்ளி. வேறொன்றும் இல்லை.

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆடிப் பெருக்கு. மோகனூர் ஆற்றில் ஊரே நின்றது. சின்ன மாமியார் முறையுள்ள ஒருவர் மஞ்சள் கயிற்றைக் கட்டிவிட்டுக்கொண்டே என் வயிற்றை ஒரு பார்வை பார்த்து, "விசேஷம் ஏதாச்சும் உண்டாக்கும்?" என்றார்.

"விசேஷம்னா உங்களுக்கு ஃபிளக்ஸ் பேனர் அடிச்சே சொல்றேனுங்க" என்றேன்.

பக்கத்தில் நின்ற அத்தை என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அந்த அம்மாவைப் பார்த்து, "உன்ற மருமக வேலைக்குப் போறாளா, இன்னும் செல்போனைத்தான் நோண்டிட்டிருக்காளா?" என்று கேட்டு வாயை அடைத்துவிட்டார். இருவரும் சுண்டல் வாங்கித் தின்றுகொண்டே வந்தோம்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

இன்று ஆய்வகத்தில் கூட்டம் இல்லை. சோதனைப் பிளேட்டுகளைக் கழுவி வைத்துக்கொண்டே யோசித்தேன். இதை எழுதுவதற்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

எனக்கு நோய் இருக்க வேண்டும்.

அந்த அம்புக்குறி அப்படியே மேலேயே நிற்க வேண்டும். இருந்தால் மருந்து உண்டு, ஊசி உண்டு, நாள் கணக்கு உண்டு. இல்லையென்றால் மறுபடியும் 'எல்லாம் சரி'. எல்லாம் சரி என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள், நானும் வந்து துணி காயப்போட வேண்டும். தனக்கு வியாதி வேண்டுமென்று எந்தப் பைத்தியக்காரியாவது வேண்டிக்கொள்வாளா? நான் வேண்டிக்கொள்கிறேன். அதனால்தான் ஜூனில் அந்தக் கேள்விக்கு இல்லை என்றேன். இருந்தது என்று சொல்லியிருந்தால், டாக்டரம்மா முகத்தில் அன்றைக்குத் தெரிந்த நம்பிக்கை தெரிந்திருக்காது.

ஆகஸ்ட் 23, புதன்

காய்ச்சல். 102. உடம்பெல்லாம் அடித்துப் போட்டது மாதிரி வலி. லீவு சொன்னேன்.

ஆகஸ்ட் 24, வியாழன்

அத்தை நிலவேம்புக் கஷாயம் கொடுத்தார். கசப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது. "முழுங்கு, முழுங்கு, கோழி மாதிரி தலையைத் தூக்கி முழுங்கு" என்று பக்கத்திலேயே நின்றார். நெற்றியில் ஈரத்துணியை மாற்றிக்கொண்டே இருந்தார். வீட்டுக்காரர் லோடோடு திருச்சூரில்.

ஆகஸ்ட் 26, சனி

காய்ச்சல் இறங்கிவிட்டது. கணுக்கால் மட்டும் இன்னும் வீங்கியிருக்கிறது.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

காய்ச்சல் இறங்கியது 26. டெஸ்ட் செப்டம்பர் 4. நடுவில் ஒன்பது நாள். மே மாதமும் கிட்டத்தட்ட இதே கணக்குத்தான். அன்று பத்து நாள்.

இந்தச் சூட்டோடு போய் ரத்தம் கொடுத்தால் அம்புக்குறி மேலே நிற்க வழியிருக்கிறது. நின்றால் மருந்து. சொன்னால் இன்னும் தள்ளிப்போடுவார்கள், தள்ளிப்போட்ட பிறகு அது இறங்கியும் போகலாம். சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்? அத்தைக்கு மட்டும் தெரியும். டாக்டரம்மா இதையெல்லாம் கேட்பார் என்றே அத்தைக்குத் தெரியாது.

ஆனால் இல்லாத நோய்க்கு ஒன்பது மாதம் ஊசி குத்திக்கொண்டு, இருக்கிற காரணம் எதுவோ அதை யாரும் தேடாமலே விட்டு, நான்காவதும் போனால்? செத்து விழறது எங்க கோழி இல்லீங் என்று வாய் கிழியப் பேசியவள் நான்.

இட்லிக்கு ஊறப் போட மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 2, சனி

நாளை மறுநாள் சேலம். டைரியையும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறார். ஆகஸ்ட் 23 பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று பிடித்துப் பார்த்தேன். இந்த டைரி நடுவில் தைத்தது, ஒரு தாளை இழுத்தால் அதோடு சேர்ந்த இன்னொரு தாளும் வரும். எண்ணிப் பார்த்தேன், மே மாதத்து வெற்றுத் தாள். வந்தால் என்ன? கிழிக்கவில்லை. மறந்து வைத்துவிட்டு வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

செப்டம்பர் 4, திங்கள்

அவருக்கு லோடு என்பதால் அத்தை துணைக்கு வந்தார். சேலத்துக்கு அத்தை என்னோடு வருவது இதுதான் முதல் தடவை. நல்ல பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி வந்தார். டைரியை எடுத்துக்கொள்ளவில்லை.

டாக்டரம்மா பழைய ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு அதே பேனாவை எடுத்தார். "இந்த மூணு மாசத்துல காய்ச்சல் ஏதும் இருந்ததா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை, "காய்ச்சலாவது ஒண்ணாவது! கல்லு கணக்கா இருந்தாளுங்க டாக்டரம்மா. ஒரு தும்மல் கிடையாது" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. திரும்பிப் பார்த்தேன். அத்தை என்னைப் பார்க்கவே இல்லை, டாக்டரம்மாவையே பார்த்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். எத்தனை பண்ணைக்காரர்களிடம் இந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன்! ரெண்டு மாசமாச்சுங்க அம்மணி என்று சொல்கிற அதே முகம். ஏன் இவர் பொய் சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் அந்தப் பொய்யை வெளியிலிருந்து பார்த்தபோது, அது எவ்வளவு அப்பட்டமாகத் தெரிகிறது என்று புரிந்தது.

"இருந்துதுங்க டாக்டர்" என்றேன். "ஆகஸ்ட் இருபத்தி மூணுலருந்து நாலு நாள். நூத்தி ரெண்டு. மே மாசமும் இருந்துது. அன்னைக்கு நீங்க கேட்டப்ப இல்லைன்னு பொய் சொன்னேன்."

அத்தை என் தொடையில் நறுக்கென்று கிள்ளினார்.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "நீங்க லேப்லதானே வேலை பார்க்கறீங்க?"

"ஆமாங்க."

"தெரிஞ்சே சொன்னீங்களா?"

"ஆமாங்க. காரணம்னு ஒண்ணு கிடைச்சாப் போதும்னு இருந்துச்சு."

அழுதுவிட்டேன். டிஷ்யூ டப்பாவை என் பக்கம் நகர்த்திவிட்டு அவர் சொன்னார்: "ரெண்டாவது தடவை எடுக்கறதே உங்களை மாதிரி ஆளுங்களுக்காகத்தாம்மா. நீங்க சொன்னாலும் சொல்லாட்டியும் ரத்தம் ஒரு நாள் சொல்லிடும். இன்னைக்கு எடுக்க வேண்டாம். ஆறு வாரம் போகட்டும்."

ரத்தம் கொடுக்காமலே திரும்பினோம்.

பஸ்ஸில் அத்தை ராசிபுரம் வரை ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். ராசிபுரம் தாண்டியதும் வெடித்தார்.

"உனக்கு மூளை இருக்குதா? அந்தம்மா ஊசியைத் தர்றேன்னு உக்காந்திருக்குது. காய்ச்சல்னா டெஸ்ட்டைத் தள்ளிப்போடுவாங்கன்னு கோழி வளத்த எனக்கே தெரியுது. வாயை மூடிட்டு இருந்தா வாங்கிட்டு வந்திருக்கலாமில்ல?"

"நீங்க நோயே இருக்காதுன்னு சொன்னீங்களே அத்தை?"

"சொல்லாம? நோய் இருக்குது நோய் இருக்குதுன்னு உன்ற மூஞ்சிக்கு நேரா சொல்லச் சொல்றியா?"

"அப்ப அன்னைக்குப் பூ கேட்டது?"

அவர் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். "சிவப்பு வந்தா நோய்தான்னு நெனச்சுக் கேட்டேன். சிவப்பு வரணும்னுதான் கேட்டேன்."

கண்டக்டர் வந்து யாரிடமோ சில்லறைக்குச் சண்டை போட்டுவிட்டுப் போனார்.

"நோயின்னு ஒண்ணு இருந்தா மருந்துன்னு ஒண்ணு இருக்கும். அது ஒண்ணு" என்றார் அத்தை. குரல் இறங்கிவிட்டது. "இன்னொண்ணு, அன்னைக்குக் கொடிக்கு அந்தப் பக்கம் நீ நின்னது எனக்குத் தெரியாது சாமி. வார்த்தை வாயை விட்டு வந்தப்புறம்தான் உன்ற கால் தெரிஞ்சுது. நோய்தான்னு டாக்டர் எழுதிக் குடுத்துட்டா நான் சொன்னது பொய்யின்னு ஆயிருமில்ல. அந்த நெனப்புதான்."

இரண்டு வருடம் கழித்து அந்த வார்த்தைக்குப் பதில் வந்துவிட்டது. புதன்சந்தை வரும்வரை நான் அழுதேன், அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு முன்சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிள்ளிய இடம் இன்னும் வலிக்கிறது.

செப்டம்பர் 5, செவ்வாய்

ஜூனில் திருப்பி அனுப்பிய பண்ணைக்காரர் புது ரத்தத்தோடு வந்தார். ஜூலையிலேயே வந்திருக்க வேண்டியவர், கேட்டால் வேலை என்கிறார். டைட்டர் இறங்கியிருந்தது. "இதாங்க அம்மணி நெசம்" என்றார் தானாகவே. திட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன். பெரிய டாக்டர் ஆச்சரியமாகப் பார்த்தார்.

செப்டம்பர் 19, செவ்வாய்

ஒன்றுமில்லை. காய்ச்சலும் இல்லை.

அக்டோபர் 16, திங்கள்

சேலம். காய்ச்சல் ஏதும் இருந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். இந்த முறை நிஜமாக இல்லை. டைரியையும் காட்டினேன், ஆகஸ்ட் 11 பக்கத்தை மட்டும் விரலால் மூடிக்கொண்டு. ரத்தம் எடுத்தார்கள்.

அக்டோபர் 20, வெள்ளி

அம்புக்குறி அப்படியே இருக்கிறது. போன தடவையைவிட இரண்டு எண் கூட.

எனக்கு நோய் இருக்கிறது.

அவரிடம் போனில் சொன்னேன். அந்தப் பக்கம் லாரி சத்தம். "இதுக்குச் சந்தோஷப்படணுமா கோகிலா, வருத்தப்படணுமா?"

"சந்தோஷப்படுங்க."

"சரி" என்றார். பிறகு அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. போதும் போதும் என்று சொன்னவர்.

அத்தை அஞ்சறைப் பெட்டியிலிருந்து காய்ந்த அரளியை எடுத்துச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். பிறகு கேசரி கிண்டினார். முந்திரி தாராளமாகப் போட்டார். நாங்கள் இருவரும் அடுப்படியிலேயே நின்று சாப்பிட்டோம்.

சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது அந்த மூன்று பேரும் நினைவுக்கு வந்தார்கள். வருடத்துக்கு ஒருவராக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நானேதான் அவர்களைத் துரத்தியிருக்கிறேன், எனக்கே தெரியாமல். தினம் ஒரு ஊசி போதுமாக இருந்திருக்கலாம். குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். அத்தை வந்து குழாயை மூடிவிட்டு மீதிப் பாத்திரத்தை அவரே கழுவினார்.

அக்டோபர் 21, சனி

காலையில் ஒரு ஆஸ்பிரின், சாப்பாட்டுக்குப் பிறகு. அந்தச் சின்ன மாத்திரை இதுதான், இப்போதே தொடங்க வேண்டுமாம். உறுதியென்று எதுவும் சொல்ல முடியாது, மருந்து போட்டும் போகலாம் என்று டாக்டரம்மா தெளிவாகவே சொல்லியிருக்கிறார். எழுதி வைக்கிறேன், பிறகு சொல்லவில்லை என்று சண்டைக்குப் போகக் கூடாதில்லையா.

ஜனவரி 29, திங்கள்

புது வருடம், புது டைரி. அதே கம்பெனிதான், இந்த முறை அட்டையில் முட்டை.

இன்று காலை இரண்டு கோடு. நான்கு நாள் தள்ளிப்போயிருந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் அத்தை நேற்றே தண்ணீர்க் குடத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

ஜனவரி 31, புதன்

சேலம் போய் வந்தோம். ஊசி எழுதிக் கொடுத்துவிட்டார். தினமும் ஒரே நேரத்தில், தொப்புளைச் சுற்றித் தோலுக்கடியில். இன்று நர்ஸ் போட்டுக் காட்டினார். நாளையிலிருந்து வீட்டில். நானே போட்டுக்கொள்கிறேன் என்றேன். கோழிக்கு ஆயிரம் தடவை குத்தியவள்தான், ஆனால் என் வயிற்றைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வீட்டுக்காரர் ஊசியைப் பார்த்ததுமே வெளியே போய்விட்டார்.

அத்தை நர்ஸின் கையைக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவுதானா?" என்றார். "கோழிக்குக் கழுத்துல, இவளுக்கு வயித்துல. தோலைச் சுருட்டிப் புடிச்சுக் குத்தறதுல என்ன இருக்குது? ஒரு நாளைக்கு எண்ணூறு கோழிக்குப் போட்ட கை இது."

நர்ஸ் என்னைப் பார்த்தார். "போடட்டுமுங்க" என்றேன்.

பிப்ரவரி 1, வியாழன்

அத்தை விடிந்ததும் குளித்துவிட்டார். இரண்டு முறை சோப்புப் போட்டுக் கை கழுவினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நான் கட்டிலில் மல்லாந்து படுத்து நைட்டியைத் தூக்கினேன். வீட்டுக்காரர் வாசல்பக்கம் திரும்பி நின்றுகொண்டார், ஆனால் போகவில்லை.

அத்தை என் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் பிடித்தார். பிடித்தவர் குத்தாமல் நின்றார்.

"காய்ச்சல் ஏதாச்சும் இருக்குதா அம்மணி?"

"இல்லீங்க அத்தை."

"நெசமா?"

"நெசமாங்க."

குத்தினார். காலை ஏழு பத்து. தொப்புளுக்கு இடது பக்கம், நான்கு விரல் தள்ளி. கொஞ்சம் எரிந்தது. நாளைக்கு வலது பக்கம்.